ஈரக் கையுறையில் கறுப்பு முடி

மிஷ்மிஷ் ஆரஞ்சு நிறப் பூனை. நெர்மினின் கையில் ஒட்டியிருந்த முடியோ கறுப்பு.

உள்ளங்கையில் பசை வெளியே தெரியும்படி சுற்றியிருந்த பேக்கிங் டேப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு விரல் நீளம். பூனை முடியைவிடத் தடிப்பு. முடி ஒட்டியிருந்த தலையணை உறையைக் காலையில்தான் வினிகர் கலந்த தண்ணீரில் அலசி, பால்கனியில் கடற்காற்றில் உதறிக் காயவைத்து மாட்டியிருந்தாள்.

பூனை போய் நாற்பது நாளாகிவிட்டது. ஆறு வயது மகள் துகாவுக்கு மூச்சிழுப்பு வந்து இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, வீட்டில் ஒரு முடிகூட இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே மிஷ்மிஷ் தமன்ஹூரில் இருக்கும் தங்கை ரீஹாமின் வீட்டுக்குப் போயிற்று. கணவன் கப்பலில் இருந்தான். அன்றிலிருந்து நெர்மினுக்குத் துணியில் முடி எடுப்பதே வேலை.

தங்கைக்குப் போன் போட்டாள்.

"ரீஹாம், பூனை அங்கதான இருக்கு?"

"என் மடியிலதான் உக்காந்திருக்கு. வேணும்னா கூட்டிட்டுப் போக்கா, என் புருஷனவிட அதிகமாத் திங்குது."

"இங்க கறுப்பா முடி வருதுடி."

"உன் தலைமுடிதான் கொட்டுது. மச்சான் ஊர்ல இல்லாத ஏக்கம்!" ரீஹாம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நெர்மினுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை எதுவும் நுழைந்திருக்குமோ என்று ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள். கொசுவலை எங்கும் கிழியவில்லை. கதவு பூட்டியே இருந்தது. மதியம் முலூகியாக் கீரையும் சோறும் சாப்பிட்ட துகா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ரப்பர் கையுறையை நனைத்து மாட்டிக்கொண்டு சோபாவைத் தேய்க்க ஆரம்பித்தாள். கீழே டிராம் கடகடத்துப் போக, மூடிய ஜன்னல் மரச்சட்டங்களின் இடுக்கு வழியே வெயில் கோடு கோடாகத் தரையில் விழ, ஈர ரப்பர் துணியில் கிறீச்சிட்டு நகர நகர, முடி சுருண்டு திரண்டு கயிறுபோல விரல்களுக்கு முன்னால் சேர்ந்துகொண்டே வந்தது. அள்ளிக் குப்பைப் பையில் போட்டாள். மறுமுனைவரை தேய்த்து முடித்துத் திரும்பிப் பார்த்தாள்.

முதலில் தேய்த்த இடத்தில் மறுபடி முடி.

இந்த முறை அது உதிர்ந்து கிடக்கவில்லை. நக்கிவிட்டதுபோல ஒரே திசையில் படிந்து, ஈரமாக இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு விரல் நுனியால் தொட்டாள். வெதுவெதுப்பு. ஏதோ ஒன்று இப்போதுதான் எழுந்து போயிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. எப்போதிருந்தோ கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். கனமான, விட்டுவிட்டு வரும் உறுமல். ஃபிரிட்ஜாக இருக்கும் என்று போய்க் கைவைத்துப் பார்த்தாள். அது அதிரவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். உறுமல் நிற்கவில்லை. சுகமாகப் படுத்திருக்கும் பூனையின் உறுமல்தான். ஆனால் காலடியில் தரை ஓடு அதிர்ந்தது.

அதற்கு நடுவே இன்னொரு சத்தம். மெல்லிய விசில்போல.

துகாவின் இழுப்பு.

மேசையிலிருந்த இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடினாள். கதவு பாதி திறந்திருந்தது. தள்ளினாள்.

குழந்தை மல்லாந்து கிடந்தாள். நெஞ்சின் மேல் போர்வையில் இரண்டு குழிகள். இடப்பக்கம் அழுந்தியது. அது மேலெழும்போது வலப்பக்கம் அழுந்தியது. மறுபடி இடது. மறுபடி வலது. தாய்ப்பூனையின் வயிற்றைக் குட்டி பிசைவதுபோல, அவசரமே இல்லாமல். ஒவ்வொரு குழியும் நெர்மினின் விரித்த கையைவிட அகலம். மேலே ஒன்றுமில்லை.

துகாவின் கண்கள் திறந்திருந்தன. உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. தன் முகத்துக்கு மிக அருகில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசாதம்மா," என்றாள், மூச்சுக்கு நடுவே. "இப்பத்தான் கண்ண மூடுது."

இன்ஹேலர் நெர்மினின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

உறுமல் நின்றது.

இரண்டு குழிகளும் ஒருசேர அழுந்தின.