காற்று இறங்காத கோட்டை

காற்றடிக்கும் மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு டீயும் குடித்து முடித்தாகிவிட்டது, பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் பலூன் கோட்டை இன்னும் சரியவில்லை. வழக்கமாக ஸ்விட்சைத் தட்டியதுமே கோபுரங்கள் குடிகாரன் மாதிரி தள்ளாடி, சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, மொத்தமும் ரெக்சின் குவியலாகக் கிடக்கும். இன்றைக்கு அது, விழா முடிந்து மேடைக்காரர்களும் நாற்காலிக்காரர்களும் சாமான்களை அள்ளிக்கொண்டு போய்விட்ட ஆற்றோரப் பூங்காவின் மங்கிய வெளிச்சத்தில், விறைத்துக்கொண்டு நின்றது.

அக்கா டிக்கெட் மேஜையை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கோட்டை அவளுடையது, பிள்ளைகளை ஏற்றி இறக்குவது தம்பியான அவன் வேலை. என்னடா ஆச்சு என்றாள். உன்னை மாதிரிதான், சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறது என்றான். அவள் முறைத்துவிட்டு, பின்பக்க ஜிப்பைத் திறக்கச் சொன்னாள்.

ஜிப், கோட்டைக்கும் ஆற்றங்கரைக் கம்பிவேலிக்கும் நடுவிலிருந்த குறுகலான சந்தில் இருந்தது. எப்போதும்போல அக்கா மகள் வாண்டுவை அனுப்பினான். ஏழு வயது. திறந்ததும் முகத்தில் அடிக்கும் காற்றுக்காகவே சண்டை போட்டு ஓடுவாள்.

ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. காற்று வெளியேறும் சத்தம் கேட்கவில்லை.

"மாமா, உள்ள பசங்க நின்னு தாங்கிப் புடிச்சிட்டிருக்காங்க."

"எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. விளையாடாம வெளிய வா."

அவன் சந்தின் பக்கம் நடந்தான்.

"கை வலிக்குதாம் மாமா. என்னை மாத்திப் புடிக்கச் சொல்றாங்க."

அவன் வயிற்றை எக்கிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தான். முதுகில் கம்பி கீறியது, முகத்தில் உரசிய ரெக்சின் சேற்று வாடை வீசியபடி ஈரமாகச் சில்லிட்டிருந்தது. அவன் நகர நகர, துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்னச் சின்ன உள்ளங்கைகள் அவன் மார்பைத் தடவி வழியனுப்பிக்கொண்டே வந்தன.

ஜிப் மூடியிருந்தது. வாண்டு இல்லை.

இழுத்தான். வரவில்லை.

அப்போதுதான் கோட்டை சரிய ஆரம்பித்தது. ஒரு கோபுரம். அடுத்தது. யாரோ ஒவ்வொருவராகக் கையை எடுப்பதுபோல.

உள்ளே அவளுக்கு மூச்சு முட்டும். முட்டியைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்து மோட்டாரைப் போட்டான். அது உறுமியது. கோட்டை எழவில்லை. நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் துணி படியாமல் நின்றது. ஏழு வயது உயரம். தலைக்குமேல் தூக்கிய இரண்டு கைகள். நடுங்கின.

அக்கா மேஜையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கத்தினான். உள்ளே வாண்டு என்று மட்டும்தான் வாயில் வந்தது. அவள் துணிமேல் ஏறி, அந்த உருவத்தை ரெக்சினோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"புடிச்சிட்டேன்டா. மூச்சு விடறா. சீக்கிரம் கிழி."

கயிறறுக்கும் கத்தியால் ஓரத்தைக் கிழித்தான். செல்போன் விளக்கை வாயில் கவ்வினான். ஊர்ந்தான். துணி முதுகை அழுத்தியது. இருட்டு. சேறு. அக்காவின் குரல் தலைக்கு மேலே, கண்ணு, மாமா வந்துட்டார், மாமா வந்துட்டார்.

விளக்கைத் திருப்பினான்.

யாருமில்லை.

மேலே தூக்கி நிற்கும் துணி. அதில் பதிந்த பத்து விரல்கள், உள்ளே எதுவும் இல்லாமல். துணிக்கு வெளியே அக்காவின் கைகள் வெறுங்காற்றை இறுக்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, வாய் இருக்க வேண்டிய இடத்தில், துணி மெல்லக் குழிந்தது. மேலெழுந்தது. மறுபடி குழிந்தது.