ஆறு வாரம் அசையக் கூடாது

தலைக்கு இடப்பக்கம் அணையாக வைத்திருந்த மணல் பை சற்று நகர்ந்திருந்தது. செல்லியம்மாள் அதைப் பார்க்கவில்லை. மல்லாந்து கிடந்தவளுக்குத் தெரிந்ததெல்லாம் உத்தரம் மட்டும்தான். காதோரம் காற்றுப் பட்டதால் உணர்ந்தாள்.

முடக்குவாதம் கைவிரல்களைக் கோணலாக்கிவிட்டு, அறுபத்தெட்டு வயதில் கழுத்தெலும்பிலும் ஏறியிருந்தது. இடுப்பெலும்பில் கொஞ்சம் வெட்டியெடுத்துக் கழுத்தில் வைத்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள்.

"ஆறு வாரம் கழுத்துப் பட்டையக் கழட்டக் கூடாது பாட்டிம்மா. எலும்பு சேர்றதுக்குள்ள தலை சாஞ்சா மூச்சே நின்னுடும்" என்று டாக்டர் சொல்லியனுப்பி இருபது நாளாகிறது.

பிற்பகல் மூன்று மணி. சேலம் ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற இரைச்சலுக்கு அடியில், கட்டிலின் தலைமாட்டில், சேலைத் தலைப்பு தரையில் உரசுகிற சத்தமும், மூட்டுக்குத் தேய்க்கிற நொச்சித் தைலத்தின் பழைய வாடையும்.

"யாரு, மருமவளா?"

"அவ கடைக்குப் போயிருக்கா. நான்தாண்டி, செல்லி."

அப்படிக் கூப்பிட்டவள் ஒருத்திதான். மூத்த ஓரகத்தி தங்கமணி. இதே வாதம், இதே கழுத்து. இட ஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்தார்களே, போன வருஷம், அந்த வாரத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேராமலே செத்துப்போனவள்.

"அக்கா..."

"நீ மட்டும் ஜோரா ஆபரேசன் பண்ணிக்கினியே. கம்பியெல்லாம் கெட்டியா கீதுல்ல?"

"மறியல்க்கா. கார் போவல. நான் இன்னா பண்ணுவேன்?"

"பொய் பேசாதடி. மரத்தண்ட நின்னவனுங்க உள்ள எட்டிப் பார்த்தானுங்க. சீக்காளியா, போங்கம்மான்னு கிளைய இழுத்து வழி வுட்டானுங்க. நீதான் டிரைவராண்ட சொன்ன, 'வூட்டுக்கே திருப்புப்பா, பொழச்சா இவளுக்கு யாரு பீ மூத்திரம் அள்றது'ன்னு. எனக்குக் கை காலுதான் வரல. காது கேட்டுச்சு."

பட்டையின் ஒரு வார் அவிழ்ந்தது.

"வீரமுத்து! டேய்!"

மகன் நிலைப்படிக்கு வந்தான். "இன்னாம்மா?"

வாய் திறந்தாள். காற்றுகூட வரவில்லை. தலைமாட்டிலிருந்து பதில் வந்தது, அவளுடைய குரலிலேயே.

"ஒண்ணுமில்லடா. சும்மா கூப்ட்டேன். போய்ச் சாப்புடு."

"செரிம்மா."

காலடிகள் தேய்ந்தன.

இன்னொரு வார்.

தலைமாட்டிலிருந்து கோணல் விரல்கள் கன்னங்களில் பதிந்தன. சில்லென்று. அவசரமே இல்லாமல் தலையைத் தூக்கின. உத்தரம் நழுவியது. எதிர்ச் சுவர். கால்மாடு. அவளுடைய பாதங்கள், யாருடையவோபோல.

கழுத்துக்குள் கம்பி தெறித்தது.

முகவாய் நெஞ்சில் முட்டியது. விரல்கள் இன்னும் அழுத்தின.