கதவுக்கு மணி பார்க்கத் தெரியும்

கதவு திறக்க மிச்சமுள்ள நிமிடங்களைக் காட்டி, அதன் மேலே சிவப்பாக எரிந்த எண் எட்டிலிருந்து ஏழாகவில்லை. முந்நூற்று அறுபத்தெட்டானது.

வொய்ன்ஷெட் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். எத்தியோப்பியாவின் பிஷொஃப்டு பூப்பண்ணையின் குளிர் அறை அது. காதலர் தினத்துக்கு விமானம் ஏறப்போகும் ரோஜா மொட்டுகள் வாளி வாளியாக நின்றன. நனைந்த அட்டைப்பெட்டியின் நெடியும் நறுக்கிய தண்டுகளின் பச்சை வாடையும் மூக்குக்குள் உறைய, கூரை விசிறிகள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன. வெப்பமானியைச் சரிபார்க்க மெல்லிய சட்டையோடு வந்திருந்தாள். கைப்பேசி வெளியே மேசையில்.

கதவை இப்படி முரடாக்கியதே அவள்தான். பண்ணையில் யாரைக் கேட்டாலும் ஆசையாகச் சொல்வார்கள். காபி வறுக்கிற மணம் வந்தால் போதும், பெண்கள் கதவைத் திறந்து திறந்து ஓடுகிறார்கள், மொட்டு விரிந்துவிடுகிறது என்று முதலாளி புலம்பினார். அடிஸ் அபாபாவில் படித்த இந்த மகராசி, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவைதான் திறக்கும் என்று கதவுக்கு நிரல் எழுதினாள். உட்புறக் கைப்பிடியையும் கழற்றச் சொன்னாள். கணினிக்குள் இரண்டு கடிகாரமாம். ஒன்று மணி காட்டும், யாரும் திருப்பலாம். மற்றது இயங்கத் தொடங்கிய நொடியிலிருந்து முன்னோக்கி மட்டுமே எண்ணும். எவர் கையும் படாது. காத்திருப்பை இரண்டாவதால்தான் அளக்க வேண்டும் என்று கூட வேலை செய்தவன் தலைபாடாய் அடித்துக்கொண்டான். "கடிகாரத்த யாருப்பா தொடப்போறா?" என்று முதலாவதை வைத்தாள்.

கதவை அறைந்தாள். வெளியே காவலர் பெலாச்சௌவின் இருமல். பிறகு ஒலிபெருக்கியில் அவர் குரல்.

"என்ன தங்கச்சி, ஒரேயடியா உள்ளயே குடித்தனமா?"

"கடிகாரத்தத் தொட்டீங்களாண்ணே?"

"தொடாம? விடிஞ்சு ஆறு மணி நேரம் ஆகுது, உங்க பொட்டி பன்னெண்டுங்குது! வெள்ளக்காரன் மணி. நம்ம நாட்டுல விடியலிலேர்ந்துதான மணி எண்ணுவோம்? பொம்பளைங்க கேலி பண்றாளுங்க. ஆறுன்னு திருத்திட்டேன்."

ஆறு மணி நேரம் பின்னால். கதவு அதையும் சேர்த்துக் காக்கும். அவள் விரல் நகங்கள் நீலமாகிக்கொண்டிருந்தன.

"பழையபடி வையுங்கண்ணே. குளிர்ல செத்துருவேன்."

"அய்யய்யோ, இதோ."

பொத்தான்கள் கீச்சிட்டன. எண் சரிந்தது: நான்கு. வொய்ன்ஷெட் கதவில் நெற்றியைச் சாய்த்தாள், சிரிப்புகூட வந்தது. நான்கு நிமிடம், பிறகு வெயில், ஒரு குவளைக் காபி, முதல் வேலையாக அந்த நிரலைத் திருத்துவது.

"தங்கச்சி, இங்க வருசமும் தப்பா இருக்கே. ரெண்டாயிரத்து இருபத்தஞ்சாம்! நம்ம நாட்டுக் காலண்டருல ரெண்டாயிரத்துப் பதினேழுதான நடக்குது?"

"அண்ணே, வேண்டாம்! கைய எடுங்க!"

"ஒரு நொடி. வந்ததும் வந்தேன், முழுசாத் திருத்திடுறேன்."

கீச்.

42,07,684.

எட்டு வருடம் பின்னால். அவள் இரண்டு கைகளாலும் அறைந்தாள். "அண்ணே! திருப்பி மாத்துங்க!"

காவலரின் இருமல்கூட நின்றுபோனது. விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. இதுவரை கேட்டிராத அமைதி. அதற்குள் அவளுடைய மூச்சு மட்டும், ஒன்று, இரண்டு, மூன்று என்று முன்னே போய்க்கொண்டிருந்தது. குளிர் குறையவில்லை.

ஏதோ மணத்தது. ரோஜா இல்லை. ஈர சிமெண்டு.

"அண்ணே?"

"யாரும்மா அது?" அதே பெலாச்சௌ. ஆனால் இளம் குரல். ஒலிபெருக்கியில் இல்லை, வெகு அருகில்.

"நான்தாண்ணே, வொய்ன்ஷெட்."

"அப்படி யாரும் இங்க வேலை பார்க்கலியே." யாரிடமோ திரும்பி, "டேய், சுவத்துக்குள்ள பொம்பளக் குரல் கேக்குதுடா!"

"போதை இன்னும் இறங்கலியா உனக்கு? வேலையப் பாருய்யா." ஒரு சிரிப்பு.

"கதவத் தொறங்க!"

"கதவா?" பெலாச்சௌ கரண்டியால் செங்கல்லைத் தட்டிப் பார்த்தார். "இங்க எங்கம்மா கதவு? இன்னிக்குத்தான செங்கல்லே அடுக்குறோம்."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். உள்ளங்கையில் இரும்பின் குளிர் இல்லை. சொரசொரப்பு. தடவினாள். மேலே. கீழே. இடுக்கு இல்லை. கீல் இல்லை. விரல் இடுக்கில் மணல்.

அந்தப் பக்கம் ஒரு கரண்டி, ஈரச் சாந்தை இழுத்து இழுத்துப் பூசிக்கொண்டிருந்தது.