கிளீனர் இல்லாத வண்டி

கிளீனரே கிடையாது என்று சொல்லித்தான் டிரான்ஸ்போர்ட் முதலாளி துரைசாமி சாவியைக் கொடுத்தார். ஆனால் போன மாதம் புதுப் பெயிண்ட் அடித்த அந்த லாரியின் இடது பக்கத்தில், கிளீனர்கள் உள்ளங்கையால் தட்டித் தட்டித் தேய்க்கிற அதே இடத்தில், பெயிண்ட் போய்த் தகரம் பளபளவென்று தெரிந்தது. ஜெபமணி அதைப் பார்த்தான். கேட்கப் போய்ச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டால் என்ன செய்வது?

ஹெவி லைசென்ஸ் எடுத்த நாலு மாதத்தில் புனேயின் கசார்வாடியிலும் போசரியிலும் அவன் ஏறி இறங்காத டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் இல்லை. எல்லாரும் அனுபவம் கேட்டார்கள். வண்டியே தராமல் அனுபவம் எங்கிருந்து வரும், ரேஷனிலா போடுகிறார்கள்? இல்லையென்றால் வழக்கத்தைச் சொன்னார்கள்: முதலில் ரெண்டு மூணு வருஷம் கிளீனராக ஓடு, டயருக்குக் காற்றுப் பார், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று தட்டு, அப்புறம் ஸ்டியரிங். கட்கி குவார்ட்டர்ஸில் அப்பாவோ, தான் வேலை பார்க்கும் ஃபேக்டரியின் அப்ரண்டிஸ் பாரத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடுவார். அவனுக்கு இருபத்திரண்டு வயது. ரோஷம் மூக்குக்கு மேல் இருந்தது.

"ஒரு வருசம் கிளீனரா இருந்துட்டு வாப்பா, பாக்கலாம்" என்றார் துரைசாமியும்.

"டிரைவருக்குத்தான் லைசென்ஸ் எடுத்திருக்கேன் அண்ணாச்சி. கிளீனராப் போவமாட்டேன்."

அவர் மேஜை டிராயரைத் திறந்து சாவியை எடுத்தார். "சரி. போசரி பவுண்டரிக்கு ஒரு லோடு. எறக்கிட்டு வந்து ஷெட்டுக்குள்ள பேக் எடுத்து நிறுத்து. சாவிய ஆபீஸ் ஷட்டருக்கு அடியில தள்ளிட்டுப் போ. காலைல வந்து பாப்பேன். ஒரு கீறல் இல்லைன்னா வண்டி உன்னுது."

1997 ஜூலை. மதியத்திலிருந்தே விடாமல் மழை. கேபினுக்குள் நனைந்த சாக்கு வாடையும் டீசல் வாடையும் அடித்தன. பீடியே தொடாத அவனுக்கு, இடப்பக்கத்துக் காலி சீட்டிலிருந்து இப்போதுதான் பற்றவைத்த பீடி வாடையும் வந்தது. ஜன்னலை இறக்கினான். மழைதான் உள்ளே வந்தது, வாடை போகவில்லை.

பவுண்டரி வாசல் குறுகல். ரிவர்ஸ் போட்டதும் இடப்பக்கம் கேட்டது. தட், தட். ரெண்டு தட்டு என்றால் வா, ஒரு தட்டு என்றால் நில். இதை எந்த டிரைவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, காதில் விழுந்த உடனே கால் கேட்கும். யாரோ வாட்ச்மேன் உதவுகிறார் என்று நினைத்துக்கொண்டு பின்னால் வந்தான். தட், தட். தட், தட். தட். நின்றான். இறங்கிப் பார்த்தால் கல்தூணுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு விரல் இடம். வாட்ச்மேன் எங்கோ தொலைவில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

எதிரே தார்ப்பாய்க்கு அடியில் செல்வமேரியின் டீக்கடை.

"அக்கா, பின்னால நின்னு தட்டுனது யாரு?"

"யாருந் தட்டலியே. நீயா வந்த, நீயா நின்ன." அவள் நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். டீ ஆற்றிய கை நின்றது. "துரைசாமி வண்டியா? இதுல சவரிமுத்துன்னு கிளீனர் இருந்தாரு. பதினோரு வருசம். அடுத்த மாசம் டிரைவர் ஆக்கிர்றேன், அடுத்த மாசம் ஆக்கிர்றேன்னே மொதலாளி நாள ஓட்டிட்டாரு. போன தீபாவளிக்கு அந்த ஷெட்டுல பின்னால நின்னு தட்டியிருக்காரு. டிரைவருக்குக் கேக்கல. செவத்தோட வச்சு நசுக்கி..." அவள் கிளாசைக் கழுவத் தொடங்கினாள். "வண்டிய இங்கியே போட்டுட்டுப் போயிரு தம்பி."

"போட்டுட்டுப் போனா நாளைக்கு எவன் எனக்கு வண்டி தருவான்?"

லோடை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் கேபினில் பீடிப் புகை கண்ணை எரித்தது. பயத்துக்கு மேலே கோபம் ஏறியது அவனுக்கு.

"ஒம்ம ஏமாத்துனது மொதலாளி. எங்கிட்ட எதுக்கு வாறீரு?" என்று காலி சீட்டைப் பார்த்துக் கத்தினான்.

ஓடுகிற வண்டியின் பக்கவாட்டில் பதில் வந்தது. தட், தட்.

கசார்வாடிக்கு, துரைசாமியின் ஷெட்டுக்கு வந்தபோது மணி ஏழு. கரண்ட் இல்லை. ஆபீஸ் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. ஷெட் என்பது ரெண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து. வண்டி நுழைந்தால் இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண்; கேபின் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கும். பின்பக்கத்தை வாசலுக்கு நேராக்கி ரிவர்ஸ் போட்டான்.

தட், தட்.

கால் தானாக ஆக்சிலேட்டருக்குப் போனது. இழுத்துக்கொண்டான். யார் கைக்கும் ஆடப்போவதில்லை, என் கண்ணால் பார்த்துவிட்டு நானே எடுக்கிறேன் என்று நியூட்ரல் ஆக்கி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். பேட்டரி மோசம் என்பதால் எஞ்சினை அணைக்கவில்லை. டார்ச்சோடு இறங்கி ஷெட்டுக்குள் போனான். காலி டிரம் ஒன்று. பழைய டயர். கோடியில் சுவர். வேறு யாரும் இல்லை.

வெளியே டிரைவர் கதவு சாத்துகிற சத்தம்.

திரும்பினான். சிவப்பு விளக்கு ரெண்டும் அவனை நோக்கி வந்தன. பின்பலகை வாசலை அடைத்தது. நகர்ந்தான். வலது மூலை. முதுகில் ஈரச் சுவர். டார்ச் விழுந்து அணைந்தது.

ஒரு முழத் தூரத்தில் வண்டி நின்றது.

வலப்பக்கத்து ஒரு சாண் சந்தில் கேபின் வரை தெரிந்தது. டிரைவர் ஜன்னலில் ஒரு முழங்கை. சாவகாசமாக ஊன்றியிருந்தது.

எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. வரவில்லை. போகவில்லை. காத்திருந்தது. எதற்கு என்று ஜெபமணிக்குப் புரிந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும், நிற்கும். அவன் உயிர் பிழைக்கும். அப்புறம் நாளைக்கும் தட்ட வேண்டும். நாளன்றைக்கும். பின்னால் நின்று. காலமெல்லாம், கிளீனராக.

கை தானாக எழுந்தது. அதைப் பிடித்து அக்குளில் திணித்துக்கொண்டான். இன்னொரு கையையும்.

"எறங்குய்யா!" தொண்டை கிழிந்தது. "அது என் சீட்டு! நான் டிரைவர்!"

கியர் விழுந்தது. பலகை சட்டைப் பொத்தானைத் தொட்டது. நெஞ்சைத் தொட்டது.

முழங்கை உள்ளே போனது. ஜன்னல் வழியாக ஒரு தலை வெளியே நீண்டு, டிரைவர்கள் பார்ப்பதுபோல் பின்னால் திரும்பிப் பார்த்தது. மூக்கில்லை. கன்னமில்லை. நெற்றியிலிருந்து தாடை வரை பலகையாகத் தட்டை. அதன் நடுவில் ரெண்டு கண்கள் மட்டும் அவன் கைகளைத் தேடின.

ஜெபமணி அக்குளிலிருந்து கையை எடுக்கவில்லை. வண்டி இன்னும் ஒரு விரல் பின்னால் வந்தது.