யார் காலின் குளிர்

செங்குட்டுவனின் வலது கால் சென்னையில் இருந்தது. அந்தக் காலின் சூடு ஊட்டியில் ஒருத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. எழிலரசிக்குப் பொறுக்காததும் இதுதான்.

அன்று காலை அவன் தட்டில் அவள் சட்னி ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவன் போனில் நன்றிக் குரல் வந்தது. சூடு வாங்குகிறவர்கள், சூடு கொடுக்கிறவருக்கு வாரம் ஒரு முறை நாலு வார்த்தை பேசி அனுப்புவது அப்போது வழக்கமாகியிருந்தது. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிற மாதிரி ஒரு மரியாதை.

"செங்கு சார், ரோஸ்லின் பேசறேன். நேத்து இங்க ஒரே மழை, செம குளிரு. நல்லவேளை நீங்க ரொம்ப நேரம் ஓட்டுனீங்க. காலு கதகதன்னு இருந்துச்சு. இன்னிக்கும் அதே மாதிரி ஓட்டுங்க சார்."

"போன வாரம் வரைக்கும் அண்ணா," என்றாள் எழில். "இந்த வாரம் செங்கு சார். அடுத்த வாரம் சாரும் போயிடும்."

"ஏய், வாய்க்கு வந்தத பேசாத. அது பாவம், தையல் மெஷின் மிதிக்குது. குளிர்ல காலு மரத்துப்போகுதாம்."

"ஓகோ! அவ என்ன பண்றா, எதால பண்றா, எல்லாம் அத்துப்படி. நான் நேத்து என்ன புடவை கட்டியிருந்தேன், சொல்லுங்க பாப்போம்?"

செங்குட்டுவன் இட்லியைப் பார்த்தான். இட்லி அவனுக்கு உதவவில்லை.

விஷயம் இதுதான். வண்டிகள் பெட்ரோலை விட்டுக் கரும்பு எரிசாராயத்துக்கு மாறியதிலிருந்து எஞ்சின்கள் அடுப்பாகக் கொதித்தன. நாள் முழுக்க வண்டியிலேயே இருப்பவர்களின் வலது கெண்டைக்கால் வெந்துபோனது. செங்குட்டுவனும் அந்த ஜாதிதான். ஆஸ்பத்திரிகளில் எடுக்கிற ரத்தத்தைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோவது வேலை. அம்பத்தூரில் தொடங்கிப் பெருங்குடியில் முடியும். இவர்களுக்காக வந்ததுதான் சூட்டுறை. காலில் சுற்றிக்கொள்கிற மெல்லிய துணி. அதற்கு ஒரு ஜோடி உண்டு. அதன் பெயர் இணையுறை. கம்பி கிடையாது, தூரம் பொருட்டே கிடையாது. ஜோடியில் எந்தத் துணி சூடாக இருக்கிறதோ அதிலிருந்து குளிர்ந்த துணிக்குச் சூடு தானாகப் போய் இறங்கும். இப்படியும் போகும், அப்படியும் போகும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவதுபோல.

முதலில் இணையுறையைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்த்தார்கள். சென்னையில் தொட்டித் தண்ணீர் ஏற்கெனவே பாதி வெந்நீர். பிறகுதான் யாருக்கோ மூளை வேலை செய்தது: மலையில் ஒரு கால் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும்போது தொட்டி எதற்கு? இவனுக்குச் சூடு தணிந்தது, அங்கே குளிர் விட்டது, எல்லோரும் கைதட்டினார்கள். நடுவில் பெண்டாட்டி என்று ஒருத்தி இருப்பதை யாரும் யோசிக்கவில்லை.

எழில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். யோசிப்பதற்கு அவளுக்கு நேரம் இருந்தது. சிக்னலில் வண்டியை அணைக்கிற மனுஷன் இப்போதெல்லாம் அணைப்பதில்லை. கேட்டால், "பாவம், அங்க குளிரும்ல" என்கிறான். சாயங்காலம் வந்ததும் காலைத் தடவிக்கொண்டு, "அப்பாடா, என்னா குளிர்ச்சி!" என்கிறான்.

"அந்தக் குளிர்ச்சி யாரோடது?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"உறையோடது."

"உறைக்கு ஏதுங்க குளிர்ச்சி? அது அவ காலோடது. காலைலேந்து பொழுது சாயற வரைக்கும் அவ காலும் உங்க காலும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. நடுவுல மலை இருந்தா என்ன, மதில் இருந்தா என்ன?"

செங்குட்டுவன் சிரித்துவிட்டான். அங்கேதான் அவன் தப்புப் பண்ணினான்.

மறுநாளே அவனை இழுத்துக்கொண்டு உறை நிலையத்துக்குப் போனாள். ரோஸ்லினின் ஜோடியை வெட்டிவிட்டு, புது ஜோடியில் இணையுறையைத் தன் பேருக்கு எழுதச் சொன்னாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவளைப் பார்த்தாள்.

"மேடம், நீங்க சென்னைதானே?"

"ஆமா."

"மே மாசம், மேடம். இங்க யாரும் சூடு வாங்க மாட்டாங்க. விக்கத்தான் வருவாங்க."

"எங்க வீட்டுக்காரர் சூட்ட நான் வாங்கறேன். உங்களுக்கு என்ன நஷ்டம்?"

செங்குட்டுவன் வாயைத் திறக்காமல் கைநாட்டு வைத்தான். சம்சாரத்திடம் எப்போது பேசக் கூடாது என்பது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் நாள் எழிலுக்குக் கல்யாண வீடுதான். அவன் வண்டியை உதைத்ததும் அவள் கெண்டைக்காலில் இளஞ்சூடு ஏறியது. வேகமாகப் போகும்போது காற்றுப் பட்டுச் சூடு குறைந்தது. நிற்கும்போது கூடியது. 'கோயம்பேடு சிக்னல்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, காலை நீட்டி வைத்துக்கொண்டு சிரித்தாள். அவன் எங்கே இருக்கிறான் என்று போன் போட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவன் காலில் படுகிற ஒவ்வொரு பொட்டுச் சூடும் இப்போது அவளுக்கு மட்டும்தான். போகட்டும், ரோஸ்லின் வேற ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்!

ஆனால் ஊட்டிக் காலுக்குக் கதகதப்பாக இருந்தது, சென்னைக் காலுக்கு வெந்நீராக இருந்தது. வாரம் முடிவதற்குள் தோல் சிவந்தது. பிறகு கொப்புளம். அவன் இல்லாதபோது கற்றாழையைச் சீவித் தடவிக்கொண்டாள்.

"எரியுதா?" என்று ஒரு சாயங்காலம் கேட்டான்.

"எனக்கென்ன, ஜம்முனு இருக்கு."

"எனக்கும் முன்ன மாதிரி குளிரல. பழையபடி மலைக்கே..."

"எரிஞ்சா என் காலு எரியட்டும்! அவ பேச்ச எடுத்தீங்க, பாத்துக்கோங்க."

அவன் அவள் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், எழில் தோசைக்கல்லை அடுப்பில் காயவைத்துவிட்டு மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். செங்குட்டுவன் வண்டியில்தான் இருந்தான். அப்போதுதான் போனில் "கிண்டி தாண்டிட்டேன்" என்றிருந்தான். சூடு வரவில்லை. சரி, மரத்தடியில் நிறுத்தியிருப்பான் என்று நினைத்தாள். அடுத்த நிமிஷம் கெண்டைக்காலில் சில்லென்று ஏதோ ஏறியது.

குளிர். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில், விசிறிக்காற்றே அனலாக வீசுகிற சமையலறையில், மலைக்குளிர்.

கரண்டி அவள் கையிலேயே நின்றது. இந்தக் குளிர் சென்னையில் எங்கேயும் கிடையாது. அப்படியானால் அவன் இன்னொரு சூட்டுறை வாங்கி மேலே சுற்றியிருக்கிறான். எஞ்சின் சூட்டை அந்த மேல் உறை வாங்கி மலைக்கு அனுப்புகிறது. இவளுடைய உறை அதற்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அது மட்டுமா? சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு என்பதுதானே கணக்கு! இவள் உடம்புச் சூடு இவள் காலிலிருந்து இறங்கி, அவன் உறைக்குப் போய், மேல் உறை வழியாக மலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. புருஷன் சூடும் அவளுக்கு, பெண்டாட்டி சூடும் அவளுக்கா?

"அடிப்பாவி!" என்று எழில் சமையலறையே அதிரக் கத்தினாள். "என் காலுலேந்தே உறிஞ்சறியா? சூடுதானே வேணும் உனக்கு? இந்தா, வாங்கிக்கோ!"

இணையுறையைக் காலிலிருந்து உருவினாள். மேடையில் விரித்தாள். அடுப்பிலிருந்த தோசைக்கல்லை எடுத்து அதன்மேல் வைத்து, பிடித்துணியால் இரண்டு கையும் கொடுத்து அழுத்தினாள். துணி சூட்டைத் தண்ணீர் குடிப்பதுபோலக் குடித்தது. கல் கண்ணெதிரே ஆறியது. மலையில் ஒருத்தி துள்ளிக் குதிப்பதை நினைத்து அவளுக்கு ஒரு நிமிஷம் வயிறு குளிர்ந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். மேல் உறைக்குக் கீழே தன் உறை இருப்பதுவரை சரியாக யோசித்தவள், தன் உறைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை.

போன் அடித்தது.

"எழிலு..." அவன் குரல் அழுகிற குரலாக இருந்தது. "காலு... காலு வெந்துபோச்சு எழிலு. எஞ்சின அணைச்சுட்டேன். ஆனாலும் வேகுது."

கட்டுப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினான். முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால்வரை, உறை சுற்றியிருந்த இடம் முழுக்கத் தோல் உரிந்திருந்தது. நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு எழில் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகையோடு அழுகையாகக் கேட்டாள்:

"ரெண்டு உறை போட்டிருந்தீங்க."

"ஆமா."

"எவ அவ?"

"தெரியாது. ஆணா பொண்ணான்னுகூடத் தெரியாது. தெரிஞ்சா நீ கேப்ப. அதனால நான் கேக்கவே இல்ல. நன்றிக் குரலும் வேணாம்னு சொல்லிட்டேன்."

"அப்ப எதுக்குங்க போட்டீங்க?"

அவன் குனிந்து அவள் புடவையைக் கொஞ்சம் ஒதுக்கி, கெண்டைக்காலில் காய்ந்திருந்த கொப்புளங்களைக் காட்டினான்.

"நீ தூங்கறப்ப பாத்தேன். கழட்டுன்னா கழட்டவா போற? அதான் சூட்ட மேல ஒண்ணுல தடுத்துட்டு, உன்னோடத உள்ள சுத்திக்கிட்டேன். தோல்ல படற மாதிரி." வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "இத்தன வருஷம் ஓட்டறேன், சைலன்சர்கூட ஒரு தடவ தோல உரிச்சதில்ல. வீட்லேந்து வந்து சுட்டுச்சு பாரு."



புண் ஆறிய பிறகும் அந்தத் தோலில் எந்த உறையும் படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது அவன் வலது காலை அகட்டி வைத்துக்கொண்டு, வெறும் பேண்ட்டோடு எஞ்சின் சூட்டை வாங்கிக்கொண்டு ஓட்டுகிறான். மலை ஜோடியை வெட்டியாயிற்று. அவனுடைய உறை இரண்டும் மடித்து அலமாரியில் கிடக்கின்றன.

எழில் மட்டும் தன் இணையுறையை விடவில்லை. அவன் வண்டியை உதைக்கிற சத்தம் கேட்டதும் எடுத்துச் சுற்றிக்கொண்டு உட்காருகிறாள். கோயம்பேடு வருகிற நேரத்துக்குக் காலைத் தொட்டுப் பார்க்கிறாள். அலமாரியின் சூடுதான் வருகிறது.