பருத்திப்பட்டு வளைவில் நிற்காத கார்

ஜெகதாம்பாளுக்குக் குதிகால் வலி மத்தியானம் தொடங்கிவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனி வாசலில் நின்று, ஷிப்டு முடிந்து போகும் பெண்களின் பையையும் டிபன் பாக்ஸையும் சோதித்தே இருபது வருடம் ஓட்டியவள். ஸ்டூல் கேட்டதற்கு, உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டும் கால் அதை மறக்கவில்லை. கண்ணும் பார்க்கிற வேலையை மறக்கவில்லை. அதனால் ஆவடிப் பக்கம் எது காணாமல் போனாலும் போலீசுக்கு முன்னால் அவளிடம் வந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை அவள் வெந்நீர் வாளிக்குள் காலை வைத்துக்கொண்டிருந்தபோது ரகுநாதன் வந்தார். ராணுவ டாங்கித் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. சட்டையில் ஒரு கசங்கல் இல்லை, முகம்தான் கசங்கியிருந்தது.

"என் காரோட பிரேக்கைத் திருடிட்டான்மா."

பக்கத்து வீட்டு சம்பத் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். துப்பு என்றால் அவனுக்குச் சவாரிகூட வேண்டாம்.

"பிரேக்கையா? அப்போ இன்னா சார், காலை ஊனியா வண்டிய நிறுத்துனீங்கோ?"

"நீ சும்மா இரு சம்பத்து. நீங்க சொல்லுங்க சார்."

ரகுநாதன் சொன்னார். போன வருடம் வாங்கிய பழைய மாருதி. சென்னீர்குப்பத்தில் ஷெட் வைத்திருக்கும் துலுக்கானம்தான் எப்போதும் பார்ப்பான். முன் சக்கரத்தில் டிஸ்க் தேய்ந்து, ஓரத்தில் வரப்பு மாதிரி நின்றிருந்தது. பேட் மட்டும் மாற்றினால் பழைய டிஸ்க் அதைத் தின்றுவிடும், இரண்டையும் மாற்றுங்கள் என்றான் துலுக்கானம்.

"பேட்டுன்னா இன்னா சார்? கிரிக்கெட்டா? ஆட்டோவுல அது கெடையாதே," என்றான் சம்பத்.

"சக்கரத்தோட சேர்ந்து சுத்துற இரும்புத் தட்டு டிஸ்க். அதை ரெண்டு பக்கமும் கவ்வி நிறுத்துற கட்டை பேட். அம்பத்தூர் கடையில ரெண்டு வகை காட்டினான். ஒண்ணு மலிவு, பேரே கிடையாது. இன்னொண்ணு கம்பெனிப் பெட்டி. சம்சாரமும் பிள்ளைகளும் உட்கார்ற வண்டி. டிஸ்க்கு, பேட்டு ரெண்டும் சேர்ந்த கம்பெனிப் பெட்டியையே எடுத்தேன்."

மழைத் தண்ணீர் ஷெட்டுக்குள் புகுந்ததால் பெட்டி ஒரு வாரம் வீட்டில் இருந்தது. சனிக்கிழமை துலுக்கானம் மாட்டிக் கொடுத்தான். ஞாயிறு காலை திருவேற்காட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். பருத்திப்பட்டு ஏரி வளைவில் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. நேராக ஓர் இளநீர்க் குவியலுக்குள் போய் நின்றது. யாருக்கும் அடி இல்லை.

"மிதிச்சப்போ பெடல் உள்ள போயிடுச்சா, கெட்டியா நின்னுச்சா?"

"கல்லு மாதிரி நின்னுச்சு. கார்தான் நிக்கலை. நான் வாங்கின நல்ல பேட்டை அவன் எடுத்து வச்சுக்கிட்டு, மட்டமானதை மாட்டிட்டான். எங்க தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிட்டேன். கார் வச்சிருக்கறவங்க எல்லாம் இன்னிக்குச் சாயங்காலம் தண்ணித் தொட்டிக்கிட்ட கூடறோம். இனிமே அவன்கிட்ட ஒரு வண்டி போகாது. நாளைக்குப் போலீஸ். அதுக்குள்ள எனக்குச் சாட்சி வேணும்."

ஜெகதாம்பாள் காலைத் துடைத்தாள். "பெட்டி இருக்குதா?"

"நான் எதையும் தூக்கிப் போட மாட்டேன்."

முதலில் குவார்ட்டர்ஸுக்குப் போனார்கள். சம்பத் ரகுநாதன் வீட்டு இரும்புக் கேட்டைத் தள்ளினான். மழைக்காலத்தில் அந்த வரிசையில் எல்லாக் கேட்டுகளும் கிறீச்சிட்டன. இது சத்தமே இல்லாமல் வழுக்கித் திறந்தது. அவன் கையைக் காக்கிச் சட்டையில் துடைக்க, மஞ்சளாக ஒரு கறை ஒட்டியது.

"தொடாதீங்கன்னு சொல்றதுக்குள்ள தொட்டுட்டீங்களே!" என்று ரகுநாதனின் மனைவி சுசீலா பழந்துணியோடு ஓடி வந்தாள். "அது போகாதுங்க. இந்த வீட்ல எல்லார் துணியிலயும் இருக்கு."

ஜெகதாம்பாள் காலிப் பெட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அடி அட்டை பலகாரப் பொட்டலம் போல ஊறியிருந்தது. மோந்து பார்த்தாள். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"சம்பத்து, துலுக்கானத்தை ஏரி வளைவுக்கு இட்டுனு வா. நாங்க பஸ்ல வந்துடறோம். சுசீலாம்மா, நீயும் வா."

கார் இன்னும் வளைவில்தான் நின்றது. இளநீரோடு வறுத்த கடலையும் விற்கும் வேம்புலியம்மாள் அதற்குக் காவல் இருந்தாள். காவல் என்றால், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டித் திட்டிக்கொண்டிருந்தாள்.

துலுக்கானம் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கத்தினான். "காலைலேர்ந்து ஒரு வண்டி வர்ல சார். ரெண்டு ஆள் ஷெட்டுல குந்திகினு கீறானுங்க. அவுனுங்க ஊட்டுக்கு நானு இன்னா பதில் சொல்றது? ஒரு வாய்ப் பேச்சுல என் பொழப்பையே கவுத்துட்டியே!"

"திருடினா அப்படித்தான் ஆகும்."

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றாள் ஜெகதாம்பாள். "துலுக்கானம், சக்கரத்தைக் கழட்டு. ரெண்டு பக்கமும்."

கழற்றினான். நான்கு பேட்டுகளையும் சாக்கின் மேல் வரிசையாக வைத்தான். பேட்டின் முதுகுத் தகட்டில் அடித்திருந்த எண்ணை அவள் சம்பத்தைப் படிக்கச் சொன்னாள். நான்கிலும் ஒரே எண். பெட்டி மேல் ஒட்டியிருந்ததும் அதே எண்.

"சார் வாங்குன அதே பேட்டு. மாத்தல," என்றாள் ஜெகதாம்பாள்.

சம்பத் குதித்தான். "அக்கா, அப்போ கடைக்காரன்! போலியை நல்ல பெட்டியில போட்டு வித்துட்டான். வண்டிய எடுக்கட்டா அம்பத்தூருக்கு?"

"எடுத்தா தனியாப் போ. வேம்புலி, அடுப்புல தணல் இருக்குதா?"

"என் வாணலியில அதை வெச்சே, அவ்ளோதான்!"

"தணல் ஓரத்துல வைக்கிறேன், பயப்படாத."

இடுக்கியால் ஒரு பேட்டைத் தணலோரம் வைத்தாள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். சற்று நேரத்தில் அந்தக் கறுப்புக் கட்டை வியர்த்தது. பொட்டுப் பொட்டாக எண்ணெய் கசிந்து, கொதித்து, புகைந்தது. அடுத்த மூன்றும் அப்படியே.

"இதான் வளைவுல நடந்தது. பேட்டு சூடாச்சு, எண்ணெய் வெளிய வந்துச்சு, டிஸ்க்கைக் கவ்வாம வழுக்கிடுச்சு. துலுக்கானம், பிரேக் ஆயில் ஒழுகியிருக்குமா?"

துலுக்கானம் பானட்டைத் திறந்தான். "டப்பா ரொம்பி கீதுக்கா. ஒழுகுனா ஒரு சக்கரந்தான் நனையும். பெடலும் உள்ள பூடும்."

"சார் கெட்டியா நின்னுச்சுன்னார். நாலும் ஒரே மாதிரி ஊறியிருக்குது. அப்போ இது மாட்டுறதுக்கு முன்னாலயே ஊறினது. நீ மாட்டும்போது எப்படி இருந்துச்சு?"

"டிஸ்க்குல கிரீஸ் அப்பியிருந்துச்சு. கம்பெனிக்காரன்தான் பூசி அனுப்பிச்சிருக்கான்னு நெனச்சி பெட்ரோல் ஊத்தித் தொடைச்சேன். பேட்டைக் கவனிக்கல. அப்பவே புடிப்பு கம்மிதான். புதுசு, பழக நாலு நாள் ஓடணும், மெதுவாப் போ சார்னு சொன்னேன்."

"உன் ஷெட்டுல இன்னா கிரீஸ்?"

"கறுப்பு."

ஜெகதாம்பாள் சம்பத்தின் சட்டையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இது மஞ்சள். பெட்டி அடியிலயும் இதே வாசனை, உள்ளேர்ந்து வெளிய ஊறினது. ரகுநாதன் சார், பெட்டி உங்க ஊட்டுல இருந்தப்போ இன்னா பண்ணீங்க?"

ரகுநாதன் நிமிர்ந்து நின்றார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலிருந்தது.

"ஏரிக் காத்தும்மா, மழை வேற. வெறும் இரும்பை எவனாவது சும்மா விடுவானா? எங்க ஸ்டோர்ஸ்ல எந்தச் சாமான் வந்தாலும் முதல் வேலை கிரீஸ் பூசி, எண்ணெய்த் தாள்ல சுத்தறதுதான். என் சர்வீஸ்ல ஒரு போல்ட்டு துருப்பிடிச்சதில்லை. நானே என் கையால, டிஸ்க்கு, பேட்டு, ஒரு இண்டு இடுக்கு விடாம..."

நிறுத்தினார். தணலோரம் புகைந்த பேட்டைப் பார்த்தார்.

"அரிவாள்மனைக்கும் பூசுவார்," என்றாள் சுசீலா. "வாரா வாரம் பிள்ளைங்க தகர ஜாமெட்ரி பாக்ஸுக்கும்." முந்தானையால் வாயைப் பொத்தினாள், சிரிப்பு நிற்கவில்லை. வேம்புலியம்மாள் பொத்தவே இல்லை.

"தொழிற்சாலையில அது சரி சார்," என்றாள் ஜெகதாம்பாள். "அங்க சாமான் அலமாரியில குந்தியிருக்கும். இது கவ்வி நிறுத்தணும்."

ரகுநாதன் டிஸ்க்கைப் பார்த்தபடி கேட்டார்: "இதையும் மாத்தணுமா?"

"டிஸ்க்கு வேணாம்," என்றான் துலுக்கானம். "இன்னொரு வாட்டி பெட்ரோல்ல கழுவுனா போதும். பேட்டு மட்டும் புதுசு. அதே கம்பெனி. கடைக்கு நானும் வருவேன். பொட்டிய உன் கையில மட்டும் குடுக்க மாட்டேன் சார்."

அன்று மாலை தண்ணீர்த் தொட்டி அருகில் ரகுநாதன் எழுந்து நின்றார். பராமரிப்பில் ஏற்பட்ட சிறு குறைபாடு, மெக்கானிக் மேல் பிழையில்லை என்று ஆபீஸ் தமிழில் சொன்னார்.

"யாரு பராமரிப்பு?" என்று பின்னாலிருந்து கேட்டாள் சுசீலா.

"என்னுதுதான்," என்றார். கூட்டம் சிரித்துக் கலைந்தது.

மறுநாளே துலுக்கானத்தின் ஷெட்டில் மூன்று கார்கள் நின்றன. ரகுநாதனுடையதும் ஒன்று. புதுப் பேட் மாட்டி, நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்து, லாரிக்குப் பின்னால் சட்டென்று நிறுத்தியும் பார்த்துவிட்டு வந்தார். கூலியை அங்கேயே கொடுத்தார். டீ வாங்கிக் கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினார். பிறகு போய்விட்டார்.

"அக்கா, கேஸ் முடிஞ்சிருச்சு," என்றான் ஜெகதாம்பாளோடு ஷெட் வாசலில் நின்ற சம்பத்.

"எங்க முடிஞ்சுது? ஊர் முன்னால சொன்னாரு. இவன் மூஞ்சியப் பார்த்துச் சொன்னாரா?"

துலுக்கானம் கையைத் துடைத்துக்கொண்டே அடுத்த வண்டிக்கு அடியில் புகுந்தான். திருடன் என்று சொன்னதற்கு ரகுநாதன் அவனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.