போனை எடுத்தது யார்

காப்பியை ஆற்றிக் கொண்டுவந்தவளுக்கு டம்ளரை வைக்க இடமில்லை. அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில், மேஜையின்மேல் ஒரு காகிதம் கிடந்தது. பக்கத்தில் பேனா. மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தான் கொழுந்தன். குடித்த டம்ளரைக் கழுவுகிற இடம்வரை கொண்டுபோய் வைத்து அறியாதவன், இந்த ஒரு வேலையில் மட்டும் இத்தனை அக்கறை காட்டியிருந்தான்.

"காப்பிய அப்புறம் குடிக்கலாம் அண்ணி. முதல்ல கையெழுத்துப் போடுங்க."

"படிச்சுப் பாத்துட்டுப் போடறேன் தம்பி."

"படிக்க என்ன இருக்கு? நீங்க செஞ்சததானே எழுதியிருக்கேன்."

அவள் நின்றபடியே படித்தாள். குடும்பத் தகராறு காரணமாகவும், தன் கணவரின் தம்பிமீது கொண்ட பொறாமையாலும், அதிகாரி போனில் விசாரித்தபோது வேண்டுமென்றே பொய் சொல்லிவிட்டதாக அவளே ஒப்புக்கொள்வதுபோல் எழுதியிருந்தது. கீழே அவள் பெயர். அதற்கு மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

அந்த வீட்டில் அவள் கணவன் பெரியவன், கொழுந்தன் சின்னவன். மாமியார் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்துப்போன பெயர்கள். பெரியவன் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறான். சின்னவன் ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவன். தொழிலில் கெட்டிக்காரன். அதனால்தான் கடல் தாண்டி இருக்கிற ஒரு நாட்டில் அவனுக்கு வழி திறந்தது. அந்த நாட்டிலே குளிர் அதிகம், ஆள் குறைவு என்று ஒரு மாகாணம். உங்கள் ஊருக்கு வந்து அங்கேயே தங்கி வேலை பார்க்கிறேன் என்று உறுதி கொடுக்கிறவர்களுக்கு அந்த மாகாணமே ஒப்புதல் தரும். அது கையில் இருந்தால் விசா கிடைக்கும். இல்லாவிட்டால் கிடைக்காது.

சின்னவனும் அந்த உறுதியைக் கொடுத்தான். வாழ்ந்தாலும் அங்கேதான், தாழ்ந்தாலும் அங்கேதான் என்கிற அளவுக்கு உருக்கமாக எழுதிக் கொடுத்தான். போன வாரம் பதில் வந்தது. ஒப்புதல் இல்லை. வீட்டுத் தொடர்புக்குக் கொடுத்த எண்ணில் பேசிய பெண்மணி, 'அந்த ஊர் சும்மா பேருக்குத்தான், இரண்டாவது மாதமே பெரிய நகரத்துக்குப் போய்விடுவார், அங்கே நண்பர் வீடு பார்த்து வைத்திருக்கிறார்' என்று சொன்னாராம். காரணம் என்று அதைத்தான் காட்டியிருந்தார்கள்.

தொடர்புக்குக் கொடுத்த எண் அவளுடைய எண். வேறு விசாரணை எதற்கு?

"விசா ஏஜெண்ட் என்ன சொன்னார் தெரியுமா? பேசினவங்களே பொய் சொன்னேன்னு எழுதிக் கொடுத்தா மறுபடி பாப்பாங்களாம். இன்னைக்கு மத்தியானம்தான் கடைசி" என்றான் சின்னவன்.

"இன்னொண்ணும் சொன்னாரே தம்பி. எழுதிக் கொடுக்கறவங்க பேர் அங்க பதிவாயிடும், அவங்க பின்னால எப்பவும் அந்த நாட்டுக்கு விண்ணப்பம் போட முடியாதுன்னு…"

அதுவரை செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவன் தலையைத் தூக்கினான்.

"நீ எங்க போகப் போற?"

சாதாரணமாகத்தான் கேட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவள் எங்கே போக இருந்தாள் என்பது அவனுக்குத் தெரியாதா? கல்யாணமான புதிதில் அதே நாட்டில் வேறொரு மாகாணம் அவளுக்கு ஒப்புதல் கொடுத்திருந்தது. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவர்களுக்கு அங்கே அவ்வளவு தேவை. பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. அப்போதுதான் மாமனாருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கழுவித் துடைக்க ஆள் வேண்டும். 'நீ போய்ட்டா அப்பாவ யார் பாப்பா' என்று கேட்டவனும் இதே பெரியவன்தான். அவள் இருந்துவிட்டாள். மாமனார் கண்ணை மூடுவதற்குள் ஒப்புதல் காலாவதியாகிவிட்டது. அந்தப் பெட்டியில் இப்போது சின்னவனின் குளிர் உடுப்புகள் இருக்கின்றன.

"அவளுக்கு அதான் வயித்தெரிச்சல்." ஹாலில் சாய்வு நாற்காலியிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "தனக்குக் கிடைக்கலன்னா என் பிள்ளைக்கும் கிடைக்கக் கூடாது. ஆபரேஷன் பண்ணின நெஞ்சோட நான் படற பாடு போதாதா? மகளாட்டம் வெச்சிருந்தேனே இவள… என் பிள்ளை சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டாளே…"

"நான் அப்படிச் சொல்லல அத்தை."

"அப்ப யாரு சொன்னது? போன் தானா பேசிச்சா?"



யார் பேசியது என்று மருமகளுக்குத் தெரியும். லேபுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், வேலை நாட்களில் அவள் போன் வீட்டிலேயே ஹால் அலமாரியில் கிடக்கும். மாமியாருக்கென்று தனியாகப் போன் இல்லை. அதனால் சின்னவனுக்குப் பெண் தேடும் தரகருக்கும் அந்த எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். போன் அடித்தால் மாமியார் எடுப்பாள். முன்பின் தெரியாத குரல் 'உங்க பையன்' என்று ஆரம்பித்தால் போதும், பெண் வீடு என்று நினைத்துக்கொண்டு சின்னவனின் பெருமையை அவிழ்த்துவிடுவாள். போன மாதம் ஒருநாள் அவள் வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போது மாமியார் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள். யார் அத்தை என்று கேட்டாள். 'பொண்ணு வீடு. நம்ம தமிழ்லதான் பேசினாங்க, ஆனா ரொம்ப மரியாதை' என்றாள் மாமியார். போனை எடுத்துப் பார்த்தால் வெளிநாட்டு எண். திருப்பிக் கூப்பிட்டாள், போகவில்லை. ஒன்றும் ஆகாது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். பதில் வந்த அன்று புரிந்துவிட்டது.

சொல்லியிருக்கலாம். அவள் எந்த நேரத்தில் லேபில் இருப்பாள் என்று கட்டியவனே ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை. அவளாகச் சொல்லவும் வாய் வரவில்லை. சின்னவன் என்ன சொன்னாலும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அவன் வருகிற வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருக்கிற அம்மா அவள். உன் வாயால்தான் உன் பிள்ளை கெட்டான் என்று அந்த நெஞ்சிடம் எப்படிச் சொல்வது?

"எனக்கு ஒண்ணுதான் புரியல." சின்னவன் மேஜையைத் தட்டினான். "கூட்டாளி வீடு பாத்து வெச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன். கதவுக்குப் பின்னால நின்னு ஒட்டுக் கேட்டீங்களா? இந்த வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எனக்கே குழி வெட்டியிருக்கீங்க."

அவன் சொன்னதிலேயே பதில் இருந்தது. அவள் கணவனைப் பார்த்தாள். அவன் செருப்பைப் பார்த்தான்.

"போட்டுடு. காலையில வீட்டுல ரகளை வேணாம். இல்லன்னா கொஞ்ச நாளைக்கு உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு. அம்மா மனசு ஆறட்டும்" என்றான் அவன்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழக் கூடாது என்று நினைத்தாள், முடியவில்லை. மாமனாரைத் தூக்கி உட்காரவைத்து உட்காரவைத்து வந்த முதுகுவலி இன்னும் போகவில்லை. ஆபரேஷன் முடிந்து மாமியார் கண் விழித்தபோது பக்கத்தில் நின்றதும் அவள்தான். அத்தனைக்கும் சேர்த்து இந்தக் காகிதம். சரி, இதையும் செய்துவிட்டால் கேட்பதற்கு இவர்களிடம் வேறு எதுவும் மிச்சம் இருக்காது என்று எண்ணிக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

அப்போது ஹால் அலமாரியில் அவள் போன் அடித்தது.

மாமியார் எடுத்தாள். கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் நாற்காலியே போட்டிருந்தது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"வணக்கம்மா. தரகர் நம்பர் குடுத்தார். உங்க பையன் விஷயமா…" ஓர் ஆண் குரல்.

ஒரு நிமிஷம் முன்புவரை அழுது அரற்றிய குரலா அது? மாமியார் மலர்ந்துவிட்டாள்.

"சொல்லுங்க, சொல்லுங்க. நல்லா இருக்கீங்களா?"

"பையன் வெளிநாடு போறார்னு சொன்னாங்க. அந்த ஊர் ரொம்பக் குளிராமே? ஆள் நடமாட்டமே இருக்காதாமே? எங்க பொண்ணு அப்படி இடத்துல இருந்து பழக்கமில்ல. அதான் யோசனையா இருக்கு."

"ஐய, அதுக்கா யோசிக்கறீங்க. அந்த ஊர் சும்மா பேருக்குத்தான். ரெண்டாவது மாசமே பெரிய நகரத்துக்குப் போயிடுவான். அங்க அவன் கூட்டாளி வீடு பாத்து வெச்சிருக்கான். உங்க பொண்ணு ராணியாட்டம் இருப்பா. நடுவுல ஒரு சின்னத் தடங்கல், அதுவும் இன்னைக்குச் சரியாயிடும்."

கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லி அந்தக் குரல் போனை வைத்தது. மாமியார் திருப்தியாக நிமிர்ந்தாள். மூன்று பேரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"என்னடா? ஏன் பேயறைஞ்சாப்பல நிக்கறீங்க?"

பெரியவன் செருப்பைக் கீழே வைத்தான். "அம்மா… இதே மாதிரி இதுக்கு முன்னால யார்கிட்டயாவது சொன்னியா?"

"எல்லார்கிட்டயும்தான் சொல்றேன். பொண்ணு குடுக்கறவங்க கேட்டா சொல்ல வேண்டாமா? போன மாசம் ஒரு அம்மா பேசினாங்களே, அவங்ககிட்டயும் சொன்னேன். எவ்வளவு மரியாதை! எங்க தங்குவார், எவ்வளவு நாள் இருப்பார்னு நிறுத்தி நிறுத்திக் கேட்டாங்க. நல்ல இடம்னு நெனச்சேன். அப்புறம் பேச்சையே காணோம்."

சொல்லிக்கொண்டே வந்தவளின் குரல் கடைசி வார்த்தையில் தேய்ந்தது. மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள்.

சின்னவன் பாய்ந்து வந்தான்.

"நீயா? நீதானா? உனக்கு எவன் போனை எடுக்கச் சொன்னது? அறிவுகெட்டத்தனமா உளறி என் பொழப்பையே கெடுத்துட்டியே… வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு?"

மாமியார் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதே இல்லை.

"தம்பி." மருமகள் பேனாவை வைத்துவிட்டு நடுவே வந்து நின்றாள். "என்னை என்னென்னமோ பேசுனீங்க, கேட்டுக்கிட்டேன். அத்தைகிட்ட குரலை இறக்கிப் பேசுங்க. அவங்க எதையும் இட்டுக்கட்டிச் சொல்லல. நீங்க அவங்ககிட்ட சொன்னததான் சொன்னாங்க. எழுதிக் கொடுத்தது ஒண்ணு, மனசுல வெச்சிருந்தது ஒண்ணு. அது யார் தப்பு?"

பெரியவன் மனைவியை இன்றுதான் பார்ப்பவனைப்போலப் பார்த்தான்.

"நீ அன்னைக்கு வாசல்ல நின்னே. யார் அத்தைன்னு கேட்டே." மாமியாரின் குரல் அடங்கிப்போயிருந்தது. "உனக்குத் தெரியும்."

"தெரியும் அத்தை."

"அப்ப ஏன்டி சொல்லல? ஒரு வாரமா நான் உன்னை வாய்க்கு வந்தபடி…"

"சொல்லியிருந்தா இப்ப நடந்தது அன்னைக்கே நடந்திருக்கும். அதை நீங்க தாங்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

சின்னவன் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப அதைப் பேசிப் பிரயோஜனம் இல்ல. அண்ணி, இன்னும் நேரம் இருக்கு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும். அங்க இருக்கறவங்களுக்கு யார் பேசினாங்கன்னு தெரியவா போகுது?"

மாமியார் மெதுவாக எழுந்தாள். கைத்தாங்கல் கொடுக்க வந்த பெரியவனை ஒதுக்கினாள். மேஜைவரை தானே நடந்து வந்து, காகிதத்தை எடுத்து, இரண்டாகக் கிழித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கைகளில் வலு இல்லை. இருந்தும் விடாமல் மறுபடியும் கிழித்தாள்.

"அம்மா, என்ன பண்ற? என் வாழ்க்கைம்மா அது…"

"உன் வாழ்க்கையை நீ பாத்துக்கோ. இன்னொரு இடத்துக்குப் போடு. இந்தத் தடவை இருக்கறதா இருந்தா இருப்பேன்னு எழுது, இல்லன்னா எழுதாத. அதுக்கு இவ பேரைக் கேக்காத." மூச்சு வாங்கியது அவளுக்கு. "இவ பேருக்கு ஏற்கெனவே நாம பண்ணினது போதும்."

பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். மருமகளுக்கும் அடக்கிவைத்த ஒரு வாரத்து அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. தையல் போட்ட நெஞ்சு நோகுமே என்று அந்த அழுகையிலும் அவளை லேசாகத்தான் அணைத்துக்கொண்டாள்.

காப்பி ஆறிப்போயிருந்தது. அவள் அதைக் குடித்துவிட்டு முகம் கழுவி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பெரியவன் வண்டிச் சாவியோடு வாசலுக்கு வந்தான்.

"நான் கொண்டுபோய் விடறேன்."

"வேணாங்க. பஸ் வந்துடும். சாயங்காலம் வர லேட்டாகும். ஏஜெண்ட் ஆபீஸுக்குப் போறேன்."

"சின்னவனுக்காகவா?"

"எனக்காக."

அவன் எதையோ கேட்க வாயெடுத்தான். 'நீ எங்க போகப் போற' என்று தான் கேட்டது நினைவுக்கு வந்ததோ என்னவோ, கேட்காமல் நகர்ந்து வழிவிட்டான். உள்ளே சின்னவன் அறைக்கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

மாமியார் தளர்ந்த நடையோடு பின்னால் வந்தாள். கையில் மருமகளின் போன்.

"இந்தா, இதையும் எடுத்துட்டுப் போ. இனிமே நான் தொட மாட்டேன்."

"லேபுக்குள்ள விட மாட்டாங்க அத்தை. இங்கயே இருக்கட்டும்."

"உன்னைப் பத்திக் கேட்டுப் போன் வந்தா?"

"நீங்கதான் எடுக்கணும்."

"நானா?" மாமியார் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "எடுத்து… என்ன சொல்லட்டும்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எங்க மருமக அந்த ஊர்லயே இருப்பான்னு சொல்லுங்க. நான் இருப்பேன் அத்தை."